ஒடிந்த சுண்டுவிரலுக்கு நன்றி

அன்பான பங்கு மக்களே, எனக்குச் சுகம் கிடைத்துவிட்டது என்று சொல்ல நான் வரவில்லை. பிறந்த நாள் முதல் என் எலும்புகள் அப்பளம்தான். பலமாகத் தும்மினால்கூட விலா எலும்பு விரிசல் விட்டுவிடும். வாயில் நுழையாத பெயர் கொண்ட அரிய நோய். இருபத்திரண்டு வயதில் சக்கர நாற்காலியில்தான் இருக்கிறேன். ஆனாலும் என் செபம் கேட்கப்பட்டது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

என் ஊர் ராயப்பன்பட்டி. போன வருடம் தொடை எலும்பு முறிந்து மூன்று மாதம் மாவுக்கட்டோடு கிடந்தேன். கட்டுப் பிரித்த அன்று அம்மா மாதாவிடம் வேண்டிக்கொண்டார். "வர்ற திருவிழா வரைக்கும் எம்பொண்ணுக்கு ஒரு எலும்பும் ஒடியக் கூடாது. ஒடியாம இருந்தா, கோயில் வாசல்ல இருந்து பீடம் வரைக்கும் முட்டி போட்டே வாரேன் தாயே."

நல்ல வேண்டுதல்தான். ஆனால் மாதாவுக்கு ஒத்தாசை செய்கிறேன் என்று அம்மா என்னை வீட்டுக்குள் பூட்டிவிட்டார். கல்லூரி நின்றது. ஞாயிறு பூசையும் நின்றது. யார் கேட்டாலும், "வேண்டுதல் இருக்கு" என்று ஒரே பதில். எனக்கு ஏன் உயிரோடு இருக்கிறோம் என்று இருந்தது.

அப்போது தேனியில் எனக்குப் பிசியோதெரபி கொடுக்கும் அக்கா போனில் கூப்பிட்டார். சின்னமனூருக்கு மேலே மலையில், ஒரு ஏலத்தோட்டத்தில், எலும்பு நோய் உள்ள இளைஞர்களுக்கு மூன்று நாள் முகாமாம். கூடாரத்தில் தங்க வேண்டும். இருக்கையில் உட்கார வைத்து, கயிறு கட்டிப் பாறையிலிருந்து இறக்குவார்களாம். டாக்டரும் கூடவே இருப்பார். பயத்தை உதறுவதும் சிகிச்சைதான் என்றார் அக்கா.

அம்மா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நான் இரண்டு நாள் சோற்றைத் தொடவில்லை.

"போய்த் தொல. ஆனா பாற கீறன்னு போகக் கூடாது. ஓரமா இருந்து பாத்துட்டு வந்துரு" என்றார் கடைசியில்.

முதல் நாள் மாலையே ஒடிந்தது. பாறைப் பக்கமே நான் போகவில்லை. ஜீப்பிலிருந்து இறங்கும்போது கதவில் இடித்து, இடது கைச் சுண்டுவிரல் போயிற்று. டாக்டர் கட்டுப் போட்டுவிட்டு, முகாம் விதிப்படி வீட்டுக்குச் சொல்லிவிட்டார்.

கூடாரத்துக்குள் ஆண்டவரோடு சண்டை போட்டேன். "எலும்பை விடும் ஆண்டவரே. அதைக் கேட்டுக் கேட்டு எனக்கே சலித்துவிட்டது. நாளைக்கு அம்மா வருவார். அந்தப் பாறையில் என்னை இறக்கிய பிறகுதான் நீர் என்னை வீட்டுக்கு அனுப்ப வேண்டும்." மரியாதை இல்லாத செபம்தான். வேறு செபம் எனக்கு வரவில்லை.

காலையில் முதல் ஜீப்பில் அம்மா வந்து இறங்கினார். "கெளம்பு ஆத்தா" என்றார். புதிதாக வந்த தன்னார்வலர் ஒருவர் என்னைத் தூக்க வந்தார்.

"ஏலே தம்பி! அக்குளப் புடிச்சுத் தூக்காத, ஒடஞ்சுரும்! குண்டிக்கு அடியில ஒரு கை, முதுகுக்கு ஒரு கை. இந்தா, இப்பிடி" என்று அம்மாவே என்னைத் தூக்கிக் காட்டினார்.

"அம்மா, ஜீப்புக்கு வேணாம். அங்கன" என்று பாறையைக் காட்டினேன். "கயித்த நாங்க புடிச்சிருப்போம், அவ கைக்கு வேல இல்ல" என்றார் டாக்டர்.

அம்மா என்னை ஏந்தியபடியே நின்றார். என் விரலில் போட்டிருந்த கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டுதல்தான் நேத்தே ஒடஞ்சுபோச்சே. இனி எதக் காப்பாத்த ஒன்னயப் பூட்டி வைக்க?"

அவரே என்னை இருக்கையில் உட்கார வைத்தார். ஒவ்வொரு பட்டையையும் இழுத்துப் பார்த்தார். பாதிப் பாறையில் தொங்கியபடி, கீழே பள்ளத்தாக்கு முழுவதற்கும் கேட்கட்டும் என்று கத்தினேன்: "ஒடிஞ்சாலும் இங்கனதான் இருப்பேன்!"

விரல் ஒடிந்தது கெட்ட நேரம் என்று சொன்னவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதுதான் எனக்கு வந்த பதில். இப்போது கல்லூரிக்குப் போகிறேன். பூசைக்கு முன்வரிசையில் இருக்கிறேன். முகாமுக்கு வரும் புதியவர்களுக்கு எங்களைத் தூக்கும் விதத்தை அம்மாதான் சொல்லிக்கொடுக்கிறார்.

என்னைப் போல் பிள்ளை இருக்கும் வீடுகளுக்குச் சொல்கிறேன். செபியுங்கள், ஆனால் கதவைப் பூட்டிக்கொண்டு செபிக்காதீர்கள். ஆண்டவரை நம்புகிறவர்கள் பிள்ளையை வெளியே விடுங்கள். போன வாரம் எனக்கு வலது கை ஒடிந்தது. இதை இடது கையால்தான் எழுதிக்கொண்டு வந்தேன். அடுத்த முகாமுக்குப் பெயரும் கொடுத்துவிட்டேன். ஆண்டவருக்கு நன்றி.