படி எண்ணுகிறவர்

இரும்புப் படிக்கட்டின் கைப்பிடியைக் கீழிருந்து மேல்வரை துடைத்துக்கொண்டே ஏறுகிறார் ரெஜான். மேலே போனதும் துணியைப் புரட்டிப் பிடித்து, மறுபடி மேலிருந்து கீழே துடைக்கிறார். இடுப்புப் பட்டையில் சுத்தியல் தொங்க வேண்டிய இடத்தில் சானிடைசர் பாட்டில் தொங்குகிறது. எதிர்வீட்டுப் பால்கனியிலிருந்து ஒரு பெரியவர் குரல் கொடுக்கிறார்: "ஏய் ரெஜான், வீடு மாத்த வந்தியா, இல்ல வீட்டுக்கு ஞானஸ்நானம் குடுக்க வந்தியா?"

"மூக்கையும் மூடிக்கிட்டுப் பேசுங்க ஐயா," என்கிறார் ரெஜான், திரும்பாமலே.

ஜூலை முதல் தேதி. மாண்ட்ரியலில் பாதிப் பேருக்கு வாடகை ஒப்பந்தம் நேற்றோடு முடிந்துவிட்டது. தெருவுக்கு நாலு லாரி நிற்கிறது, நடைபாதையெங்கும் யாருக்கும் வேண்டாத நாற்காலிகள். பெருந்தொற்று வந்து நாலு மாதம் ஆகியும், ஊரே வீடு மாற்றும் இந்தத் தேதியை அதனால் அசைக்க முடியவில்லை.

ரெஜானுக்கு வயது ஐம்பத்தெட்டு. வலது தோள் இடது தோளைவிட இரண்டு விரல் இறங்கியிருக்கும். குளிர்சாதனப் பெட்டியை இரண்டு தட்டு தட்டினால் எடை சொல்லிவிடுவார். ஆனால் "கனம்" என்ற சொல் அவர் வாயில் வராது. "இந்த பீரோ கொஞ்சம் பிடிவாதக்காரி," என்பார். "இந்த அடுப்பு சொன்ன பேச்சு கேக்கும்." பியானோவைப் பற்றி மட்டும் எதுவும் சொல்லமாட்டார், பெருமூச்சு விடுவார்.

இந்த வருஷம் அவர் சட்டதிட்டங்கள் ஏகப்பட்டவை. வேலைக்கு அரைமணி முன்பே எல்லா ஜன்னலும் திறந்திருக்க வேண்டும். கதவுகளுக்கு ஆப்பு வைத்துவிட வேண்டும், யாரும் குமிழைத் தொடக்கூடாது. எந்தப் பெட்டி எந்த அறைக்கு என்று முதல் நாளே எண் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். வீட்டுக்காரர்கள் நடைபாதையை விட்டு மேலே வரக்கூடாது. கூட வேலை செய்யும் வில்னேர்கூட லாரியில் ஏறக்கூடாது, சைக்கிளில்தான் வருகிறார். லாரியில் பக்கத்து இருக்கை காலியாகவே கிடக்கிறது. தொற்று விதி என்று ரெஜான் சொல்கிறார். அந்த இருக்கைக்கடியில் ரோக் உரித்துப் போட்ட வேர்க்கடலை ஓடுகளை அவர் இன்னும் கூட்டவில்லை.

இருபத்திரண்டு வருஷம் ரெஜானின் மறுமுனை ரோக்தான். எதைத் தூக்கினாலும் பின்புறமாக நடப்பவர் ரோக், முகம் பார்த்து நடப்பவர் ரெஜான். ஏறும்போது ரோக் மேலே, இறங்கும்போது கீழே. வளைந்து வளைந்து போகும் இந்த ஊர்ப் படிக்கட்டில், பனி உறைந்த ஜனவரியிலும், ரோக் ஒருதரம்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. ரெஜான் எண்ணுவார்: "ஒண்ணு… ரெண்டு… வளைவு வருது… மூணு…" ரோக்கின் கால் அந்த எண்ணிக்கையில் போய் உட்காரும். "கண்ணு உன்கிட்ட, காலு என்கிட்ட. ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு ஆளு," என்பார் ரோக். வில்னேர் நல்ல உழைப்பாளி, ஆனால் தானே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொள்கிற ஆள். ஏப்ரலுக்குப் பிறகு ரெஜான் வாய்விட்டு எண்ணவேயில்லை.

ரோக்கின் கடைசி வேலையை ஒப்புக்கொண்டது ரெஜான்தான். மார்ச் கடைசியில், ஊரே கதவடைத்திருந்த வாரத்தில், வடக்குப் பக்கம் ஒரு வீடு. வாசலில் நின்ற வீட்டுக்காரர் இருமிக்கொண்டே இருந்தார். தூசி ஒத்துக்கொள்ளாது என்றார். "விட்டுட்டுப் போயிரலாம்டா, எனக்கு இது சரியாப் படல," என்றார் ரோக். "சோபா ஒண்ணுதான் பாக்கி. பத்து நிமிஷம். பிடி," என்றார் ரெஜான். ரோக் பிடித்தார். பதினோராவது நாள் அவரை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். ஏப்ரலில் போய்விட்டார். ரெஜானுக்கு இரண்டு நாள் நாக்கு மரத்ததோடு சரி.

அடக்கத்தைக் கைப்பேசித் திரையில்தான் பார்க்க முடிந்தது. பெட்டியைத் தூக்கியவர்கள் முன்பின் தெரியாத நாலு பேர். "முன்னால இருக்கிறவன் குனியறான் பாரு, சாயுது, சாயுது!" என்று ரெஜான் திரையைப் பார்த்துக் கத்தினார். பிறகு சமையலறையில் உட்கார்ந்து அழுதார். ரோக்கின் மனைவி ஜினெட்டுக்கு அதற்கப்புறம் எத்தனையோ முறை எண்ணை அழுத்தி, மணி அடிப்பதற்குள் துண்டித்திருக்கிறார். அந்த இருமல் வீட்டைப் பற்றி அவளுக்குத் தெரியுமா என்பது தெரியாமல் என்ன பேசுவது?

ஜூனில் ஜினெட்டே கூப்பிட்டாள். "ஒத்தை ஆளுக்கு இந்த வீடு பெருசு. ஜூலை ஒண்ணாம் தேதி வர்றியா?" வருகிறேன் என்றார். "வேற யாரு இருக்கா எனக்கு?" என்றுவிட்டு வைத்துவிட்டாள். அது நம்பிக்கையா, குத்தலா என்று மூன்று வாரமாக அவருக்குப் பிடிபடவில்லை.

இன்று அவர் துடைத்துத் துடைத்து மாற்றுவது ஜினெட்டின் வீட்டைத்தான். மூன்றாம் மாடியிலிருந்து எட்டுத் தெரு தள்ளி, ஒரு சலவைக் கடைக்கு மேலே இரண்டே அறை. காலையிலிருந்து அவள் நடைபாதையில் மடக்கு நாற்காலி போட்டு, பூனைக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புது வீட்டு வாசலிலும் அதே நாற்காலி, அதே கூடை. பெட்டி எண்களைத் தவிர இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ரோக்கின் வேலைக் காலணியை ரெஜான் தானே பொதிந்து, எண் எழுதாமல் மேலே கொண்டுபோய் வைத்தார்.

மத்தியானம் மூன்று மணிக்கு எல்லாம் ஏறிவிட்டது, மெத்தை ஒன்றுதான் பாக்கி. அப்போது வில்னேர் இருமினார். ஒரே ஒரு இருமல்.

"அட்டைப்பெட்டித் தூசி, மொதலாளி."

"அவனும் தூசின்னுதான் சொன்னான்," என்றார் ரெஜான். "வீட்டுக்குப் போ. டெஸ்ட் எடுத்துட்டு வா."

"மெத்தையை யாரு—"

"போன்னு சொல்றேன்ல!"

வில்னேர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ரெஜான் கையுறையைக் கழற்றி வேறு மாட்டிக்கொண்டு கைப்பிடியை மறுபடி துடைத்தார். பிறகு மெத்தையைத் தனியாக முதுகில் ஏற்றிப் பார்த்தார். அது மடங்கிச் சரிந்தது. இன்றைய தேதிக்கு இந்த ஊரில் இன்னொரு ஆளைத் தேடுவது நடக்காத காரியம்.

"பிடிவாதக்காரி," என்றார் யாரிடமோ.

ஜினெட் பூனைக்கூடையைக் கீழே வைத்தாள். "ஆஸ்பத்திரியிலேர்ந்து அவரு போன்ல சொன்னாரு. அந்த இருமல் வீட்டைப் பத்தி. வேணாம்னு அவரு சொன்னது, பத்து நிமிஷம்னு நீ சொன்னது, எல்லாம்."

ரெஜான் மெத்தையைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றார். "ஆமா. நான்தான் சொன்னேன்."

"கோவம் இல்லேன்னு சொல்லமாட்டேன். மூணு மாசமா உன்னைத் திட்டித் தீர்த்திருக்கேன். இந்தப் பூனைக்கே உன் கதை மனப்பாடம்."

"இன்னும் திட்டு."

"அப்புறம் திட்டறேன். இப்ப இது மேல போகணும். என்னால தரையில படுக்க முடியாது." முகக்கவசத்தை மூக்குவரை ஏற்றிவிட்டுக்கொண்டு, கையுறைப் பெட்டியிலிருந்து ஒரு ஜோடியை உருவினாள். "மெத்தை ரெண்டு மீட்டர். ரெண்டு மீட்டர் தள்ளி நிக்கணும்கிற சட்டத்துக்குச் சரியாத்தான் இருக்கும்."

"ஜினெட், வேணாம். மேல்முனையைப் பிடிச்சா பின்னால நடக்கணும். வளைவு வேற."

"இருபத்திரண்டு வருஷம் ஒருத்தர் அதைத்தானே பண்ணினாரு? எண்ணு."

மெத்தையின் மேல்முனையைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டுக்கு முதுகைக் காட்டி நின்றாள். ரெஜான் கீழ்முனையைத் தூக்கினார். பதினேழு படி. அவள் காத்திருந்தாள். கண்களை அவர் முகத்திலிருந்து எடுக்கவில்லை.

"ஒண்ணு," என்றார் ரெஜான்.

ஜினெட் திரும்பிப் பார்க்காமல் வலது காலைப் பின்னால் தூக்கி வைத்தாள்.