கரி பஸ்ஸும் எண்ணெய்க் கைகளும்

யுத்தம் பெட்ரோலை விழுங்கிவிட்டதால் தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குக் கரி பஸ்தான் ஓடுகிறது. முதுகில் கரியடுப்பைச் சுமந்துகொண்டு, மாட்டுவண்டிகளுக்கு வழிவிட்டு, இருமி இருமிப் போகிறது. விஞ்ஞானம் முன்னேறிவிட்டது என்பவர்களையெல்லாம் இதில் ஏற்றிவிட வேண்டும்.

பாதி வழியில் நின்றுவிடுகிறது. "எல்லாரும் இறங்கித் தள்ளுங்க!" என்கிறார் கண்டக்டர்.

இறங்கிப் பார்த்தால், என்னைத் தவிர அத்தனை பேரும் அருவிக் குளியலுக்காக வீட்டிலேயே எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். பஸ்ஸின் தகரத்தில் அவர்கள் கை வைத்தால் வழுக்குகிறது.

"குற்றாலத்தில் போய்த் தேய்த்துக்கொள்ளக் கூடாதா, அண்ணாச்சி?" என்று பக்கத்தில் நிற்கும் சுரண்டை ஊர்க்காரரிடம் எரிந்து விழுகிறேன்.

"அங்கன போய்த் தேய்ச்சா ஊறணும்லா? அதுவரைக்கும் அருவியப் பாத்துக்கிட்டு சும்மா நிக்க முடியுமா? இப்ப பஸ்ல வரும்போதே ஊறிருது. காஞ்ச கை உங்களுக்குத்தான். நல்லா அழுத்தித் தள்ளுங்க!"

தள்ளுகிறேன். பஸ் என் மூக்கில் கரியை ஊதிவிட்டுக் கிளம்புகிறது. நிறுத்தினால் மறுபடி அணைந்துவிடுமாம். டிரைவர் எங்களை விட்டுவிட்டே போய்விடுகிறார்.

மீதித் தூரத்தை நடந்து அருவிக்குப் போய்ச் சேருகிறோம். குளித்து முடித்துத் தலை துவட்டிக்கொண்டு நிற்கிறார் டிரைவர்.

"வாங்க, வாங்க! இன்னைக்கு நல்ல தண்ணி!"