இணைச்சீருக்கு ஒரு பதிவுத் தபால்

இந்து திருமணச் சட்டம், பிரிவு 7-அ. தமிழ்நாட்டுக்கென்று சேர்த்த திருத்தம். உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது நாலு பேர் முன்னிலையில், மணமக்கள் தங்களுக்குப் புரிகிற ஏதாவது ஒரு மொழியில் ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றிக்கொள்ளலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம். புரோகிதர் கட்டாயமில்லை. மண்டபம் என்ற சொல்லே அந்தப் பிரிவில் கிடையாது. பதிவுத் துறையில் முப்பத்து மூன்று வருடம் இருந்தவன் நான். மேசைக்கு எதிரே நடுங்கிக்கொண்டு நின்ற எத்தனையோ ஜோடிகளுக்கு இதை விளக்கியிருக்கிறேன். என் மகள் கல்யாணமும் இந்தப் பிரிவின்படி அரை மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டும். முடியவிடாமல் செய்தவர்கள் இரண்டு பேர். முதலாமவர் என் மனைவியின் அண்ணன். இரண்டாமவன் நான்.

இரண்டாயிரத்து மூன்று, நான்கு வாக்கில் நடந்தது. மகள் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தாள். அதே கம்பெனியில் துணி வெட்ட அளவு வரைந்து கொடுக்கும் பேட்டர்ன் மாஸ்டராக இருந்த பையனைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னாள். கோவில்பட்டிப் பக்கத்துப் பையன். அப்பா இல்லை, தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கி அம்மா வளர்த்த பிள்ளை. எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆட்சேபணை இருந்திருந்தாலும் அதற்கு என்ன நடைமுறை என்று எனக்குத் தெரியும், என் மகளுக்கும் தெரியும். அவசரம் வேறு ரூபத்தில் வந்தது. பையனை இரண்டு வருடத்துக்கு டாக்கா யூனிட்டுக்கு அனுப்புகிறார்கள். ஆடி பத்தாம் தேதி விமானம். மகள் பின்னால் போய்ச் சேர வேண்டுமானால் கல்யாணச் சான்றிதழ் வேண்டும். ஆடியில் எங்கள் பக்கம் யாரும் கல்யாணம் செய்வதில்லை. ஆனியில் மிச்சமிருந்த ஒரே முகூர்த்தம் இருபத்தெட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. கையில் இருந்தது இருபத்திரண்டு நாள்.

மண்டபக்காரர்கள் சிரித்தார்கள். ஆறு மாதம் முன்னாலேயே எல்லாம் போய்விட்டதாம். அப்போதுதான் மச்சான் வந்தார். பனியன் கம்பெனி முதலாளி. உட்காருவதற்கு முன்பே மின்விசிறியைப் போடச் சொல்லும் ஆள்.

"மாப்ளே, மண்டபம் கிண்டபம்னு எதுக்குங் அலையறீங்க? நம்ம கம்பெனி கட்டிங் ஹால் ஞாயித்துக்கெழம சும்மாத்தானுங் கெடக்குது. கட்டிங் டேபிள்ல எலை போட்டாப் பந்தி. போதுமுங்களா?"

அவர் போன பிறகு என் மனைவி சொன்னாள்: "எங்கண்ணன் இத்தனை சுலுவா ஒத்துக்கிட்டதுதான் எனக்குப் பயமா இருக்குதுங்க. சாதி பத்தி ஒரு வார்த்தை கேக்கலீங்களே."

எனக்கும் அது தோன்றியது. ஆனால் ஹால் பெரியது. அறுபது பேருக்குத் தாராளம்.

அழைப்பிதழை நானே கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்தேன். அச்சகத்தில் போட்டால் பத்து எழுத்துப்பிழை வரும், அதைத் திருத்துகிற நேரத்தில் ஆடியே வந்துவிடும். கொமரலிங்கத்தில் மனைவியின் சித்தி மகன் தோப்பு வைத்திருந்தான். வாழையிலையும் தேங்காயும் அவன் பொறுப்பு. தோரணத்துக்கு மகள் கம்பெனியிலிருந்து கட்டிங் வேஸ்ட்டை மூட்டையாகக் கொண்டுவந்தாள். மஞ்சளும் சிவப்புமான ரிப் துணித் துண்டுகளைத் தாயும் மகளும் கூடத்தில் உட்கார்ந்து முக்கோணமாக வெட்டிக் கோத்தார்கள். ஏதோ ஒரு வெளிநாட்டுக் குழந்தையின் கழுத்துப் பட்டையாக ஆகியிருக்க வேண்டியது என் வீட்டுக் கல்யாணத் தோரணம் ஆனது. சமையலுக்குத் தவசிப்பிள்ளை கிடைக்கவில்லை. தெருவில் மூன்று வீட்டுப் பெண்கள் சேர்ந்து செய்வதாக ஏற்பாடு. மகளுக்கு இதில் எல்லாமே பிடித்திருந்தது. எனக்குக்கூட ஓரளவு பிடித்திருந்தது.

மச்சான் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கல்யாணத்தை அருமைக்காரர்தான் நடத்த வேண்டும். அருமைக்காரர் என்றால் எங்கள் சனத்தில் கல்யாணச் சடங்குகளை முன்னின்று செய்து கொடுக்கிற பெரியவர். அந்தச் சடங்கு ஒவ்வொன்றுக்கும் எங்கள் பேச்சில் சீர் என்று பெயர். அதில் இணைச்சீர் என்று ஒன்று: மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவளை அவன் பக்கத்தில் இருத்திச் செய்வது. பையனுக்கு அக்கா ஒருத்தி இருந்தாள், கல்யாணமாகிப் போனவள். அவள் வர வேண்டும், அவ்வளவுதான். இதைச் சொல்லப் பையனின் அம்மாவுக்குப் போன் போட்டோம். அவர்கள் வீட்டில் போன் இல்லை. தெருமுனை மளிகைக் கடைக்குப் போட்டு, ஆளைக் கூப்பிடச் சொல்லிக் காத்திருந்தோம். எங்கள் போனில் ஸ்பீக்கர் உண்டு. மச்சான் தானும் கேட்க வேண்டும் என்று அதை அமுக்கினார்.

நான் முறையாக ஆரம்பித்தேன். "வணக்கமுங்க. சீர் சம்பந்தமா ஒரு வார்த்தை பேசோணும்."

அந்த அம்மாள் என்னை முடிக்க விடவில்லை. "ஐயோ அண்ணாச்சி! சீரும் வேண்டாம், செனத்தியும் வேண்டாம். அதெல்லாம் எங்களுக்கு ஆகாது. பொண்ணு வந்தாப் போதும். மதினிட்டயும் சொல்லிருங்க." மதினி என்றது என் மனைவியை. கடையில் யாரோ சிரித்தார்கள். போன் வைக்கப்பட்டது.

மச்சான் எழுந்து நின்றார். முகத்தில் கோபத்தை விட நிம்மதிதான் அதிகம் தெரிந்தது. "கேட்டீங்களா மாப்ளே? நம்ம சீரு வேண்டாமாமா. ஆகாதாமா. கூட ஒரு செனத்தி வேற, நக்கலு! நம்ம சீரு வேண்டாங்கறவங்களுக்கு நம்ம ஹால் மட்டும் எதுக்குங்?" சட்டைப் பையிலிருந்து ஹால் சாவியை எடுத்துக் காட்டிவிட்டு மறுபடி உள்ளே போட்டுக்கொண்டு கிளம்பினார். இந்தக் கல்யாணத்திலிருந்து விலகிக்கொள்ள ஒரு காரணம் வேண்டும் என்று ஒரு வாரமாகக் காத்திருந்த மனிதர். காரணம் ஸ்பீக்கரில் வந்து விழுந்தது.

அவர் மேல் எனக்கு இருந்த எரிச்சலை நான் அவர் மேல் காட்டவில்லை. முன்பின் பார்த்திராத ஒரு தீப்பெட்டித் தொழிலாளி மேல் காட்டினேன். அன்றே முழு வெள்ளைத்தாளில், ஓரம் விட்டு, ஒரு கடிதம் எழுதினேன். "எங்கள் சீரைத் தாங்கள் மறுத்தது எங்களைப் புண்படுத்தியுள்ளது. இணைச்சீர் இன்றி எங்கள் குலத்தில் மணவினை நிறைவேறாது. ஆகவே தங்கள் மகள் இணைச்சீருக்குரிய முறையில் வந்து சேர்வதை உறுதி செய்து எழுத்து மூலம் தெரிவிக்கவும்." ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால். அட்டை நாலாம் நாள் கையெழுத்தோடு திரும்பி வந்தது. பதில் வரவில்லை.

பதிலுக்குப் பதிலாகப் பையன் வந்தான். தலை குனிந்து வாசலில் நின்றான். "மாமா, அம்மா போனுக்கு வர மாட்டேங்கா. கடைக்காரரு கூப்பிட்டா, 'எழுதினவுக எழுதட்டும்'ங்காளாம். என்ன எழுதுனீங்க?"

"எழுத வேண்டியதை எழுதினேன்."

"அம்மா வராம நான் தாலி கட்ட மாட்டேன் மாமா. தப்பா நெனைக்காதீங்க. ஷிப்மென்ட் இருக்கு, இல்லைன்னா நானே ஊருக்குப் போயிருவேன்."

அவன் போனதும் மகள் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் சொல்லில் வைக்க முடியாது. முகூர்த்தத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. அம்மா வராவிட்டால் தாலி இல்லை. தாலி இல்லாவிட்டால் சான்றிதழ் இல்லை. ஆடி பத்தாம் தேதி அவன் தனியாகப் போவான். இரண்டு வருடத்தில் என்னென்னவோ ஆகும். இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்போதும் நான், கடிதத்தில் ஒரு வார்த்தை பிழையில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கம்பெனியிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அப்பா, அவங்க ஊர்ல சீருன்னா என்னன்னு தெரியுமாங்?"

"சீருன்னா சீருதான்."

"பொண்ணு ஊட்டுல இருந்து குடுக்கற பண்ட பாத்திரம், நகை, கட்டில், பீரோ. அதுக்குப் பேருதானுங் சீர் செனத்தி. அந்தம்மா எதுவும் வேண்டாம்னு சொல்லியிருக்குது. நம்மளுக்குச் செலவு வெக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்குதுங்ப்பா. நீங்க அதுக்குப் பதிலா, உங்க மகளை இணையா சீர் கொண்டாரச் சொல்லுன்னு அவங்களுக்குப் படற மாதிரி ரிஜிஸ்தர் தபால் போட்டிருக்கறீங்க. அந்தக்கா கழுத்துல இருக்கறது ஒரே செயினு. அதை வெச்சாச்சும் பாத்திரம் வாங்கறதான்னு வீட்ல அழுகையாமா. அங்கிருந்து கடை கடையாத் தீப்பெட்டி போட வந்த லைன்காரர் ஒருத்தர் இவர்கிட்டச் சொல்லியிருக்கறார்."

என் மனைவி கையிலிருந்த கத்தரிக்கோலைத் தரையில் வைத்தாள்.

நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். செனத்தியை நக்கலுக்குச் சேர்த்த எதிரொலி என்று எடுத்துக்கொண்டேன் அல்லவா? எதிரொலி என்றால் 'சீரு கீரு' என்று வந்திருக்கும். மண்டபத்துக்குக் கிண்டபம் என்று மச்சானே என் எதிரில் சொல்லியிருந்தார். வேற்று மாவட்டத்து ஆவணங்களில் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கேட்டுப் பதிந்தவன், அந்த அம்மாள் பெரிய மனசோடு சொன்ன சொல்லுக்குப் பொருள் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் காது இல்லை. தீப்பெட்டி ஆபீஸ்காரி என் சீரை வேண்டாம் என்று சொல்வதா என்ற கொழுப்பு. மச்சானிடம் இருந்தது அதேதான். அவர் அதை ஒளிக்கவில்லை, நான் ஓரம் விட்டு எழுதினேன்.

இரண்டாவது கடிதம் எழுத ஐந்து தாள் கிழிக்க வேண்டியிருந்தது. மகள் பக்கத்தில் நின்று "மேற்படி"யையும் "ஆகவே"யையும் அடிக்கச் சொன்னாள். கடைசியில் நின்றது இவ்வளவு: சீர் என்று நான் சொன்னது சடங்கை. உங்கள் மகள் மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், வெறுங்கையோடு வர வேண்டும். தப்பு என்னுடையது. மன்னித்துக்கொள்ளுங்கள். விரைவுத் தபாலில் போட்டேன்.

இதற்குள் விஷயம் மச்சானுக்கு எட்டியது. வந்தார். "நா என்ன கண்டனுங் மாப்ளே, அவுங்க பாஷை. ஹாலைத் தொடைச்சு வெக்கச் சொல்லட்டுங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி சொன்னாள்: "வேண்டாமுங்கண்ணா. எங்க மொட்டை மாடி போதும். நீங்க வந்து எலையில உக்காந்தீங்கன்னாச் சரி. அதும் உங்க இஷ்டம்." அவர் மின்விசிறியைப் போடச் சொல்லாமலே போனார்.

பிறகு தபால்காரர் வரும் நேரமே எங்கள் வீட்டில் நேரம் ஆனது. திங்கள், ஒன்றுமில்லை. செவ்வாய், மின்சார வாரியத்திலிருந்து ஒரு அறிவிப்பு. புதன், மகள் தோரணத்தை மாடியில் கட்டவில்லை, மூட்டையிலேயே வைத்திருந்தாள். கொமரலிங்கத்துக்காரன் இலை வெட்டலாமா என்று கேட்டான், பொறு என்றேன். வியாழன், மகள் சாப்பிடவில்லை. மச்சான் மேல் எனக்கிருந்த பகையெல்லாம் சேர்ந்து தபால் துறை மேல் திரும்பியது. விரைவு என்ற சொல்லுக்கு அவர்கள் ஊரில் என்ன பொருளோ.

வந்தது ஒரு அஞ்சலட்டை. அந்த அம்மாள் சொல்ல, அவள் மகள் எழுதியிருக்கிறாள்.

"அண்ணாச்சிக்கு வணக்கம். தபாலைப் பக்கத்து வீட்டு டீச்சரை ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னேன். ரெண்டாந்தடவையும் அதையே வாசிச்சா, அதனால நம்புதேன். நானும் மகளும் சனிக்கிழமை பஸ் ஏறுதோம். அவ தம்பி பக்கத்துல உக்காருவா. இனிமே எதுன்னாலும் மதினி போன்ல பேசட்டும். நீங்க எழுத வேண்டாம்."

அட்டையை மகள் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு மாடிக்கு ஓடினாள். அன்று ஆனி இருபத்தாறு, வெள்ளிக்கிழமை.