சாம்பியனும் ஒரிஜினல் ஜரிகையும்

இன்னிக்கு வேலூர்லருந்து ஆரணி வர்ற பஸ்ல, என் ரெஸ்லிங் சாம்பியனோட கடைசி மேட்ச்சை போன்ல பாத்து அழுதுகினு வந்தேன்.

எத்தினி பெல்ட்டு ஜெயிச்ச மனுஷன்! எத்தினி தபா முட்டி ஒடஞ்சும் எழுந்து வந்தாரு!

பக்கத்து சீட்டு பட்டுக்கடைக்காரர் எட்டிப் பாத்துச் சிரிச்சாரு.

"இதுக்கா தம்பி அழறீங்க? எல்லாம் டுபாக்கூரு. யாரு ஜெயிக்கணும்னு முன்னாடியே பேசி வெச்சிகினுதான் வருவானுங்க."

நான் பதில் சொல்றதுக்குள்ள, ஜன்னலோரம் இருந்த அவர் வீட்டம்மா திரும்பினாங்க.

"அந்த ஆளு விழுந்து வாங்குன அடியாவது நெஜம். நீ ஒரிஜினல்னு சொல்லி விக்கிறியே ஜரிகை, அது?"

பஸ்ஸே சிரிச்சிது. கண்ணமங்கலம் வர்றதுக்குள்ள அவர் மடியில இருந்த, கடைப் பேரு போட்ட பையைத் திருப்பி வெச்சிகினாரு.

இந்த ஃபைட்ல யாரு ஜெயிக்கணும்னு யாரும் முன்னாடியே பேசி வெக்கலைங்க. நான் சாட்சி.

எந்தக் கடைன்னு மட்டும் கமெண்ட்ல கேக்காதீங்க.