ஊறப்போட்ட வத்தை

திருப்பாலைக்குடிக் கரையில் கரையேற்றிய ஒரு வத்தையின் (சிறு பாய்மரப் படகு) அடியில் மல்லாந்து படுத்து, பலகை இடுக்கில் பஞ்சுத்திரி அடைத்துக்கொண்டிருந்தேன். கையிலிருந்த கொட்டாப்புளி (மரச்சுத்தியல்) நழுவி என் நெஞ்சில் விழுந்தது. நான் அதைப் போடவில்லை. விரல்கள் தாமாகவே விட்டுவிட்டன. கழுத்து நோவோடு நெடுநாள் குடித்தனம் நடத்தியவன் நான். ஆனால் கை மரத்தது அன்றுதான் முதல்முறை.

கலப்பத்து என் தொழில். படகுப் பலகைகளுக்கு இடையில் பஞ்சைத் திணித்து, மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசி, நீர் புகாமல் செய்வது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். ஒரு கரையில் வேலை தீர்ந்தால் அடுத்த கரை. வீடென்று எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. அண்ணாந்தே பாதி ஆயுள் போயிற்று.

மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே (உள்ளெலும்பைக் காட்டும் படம்) எடுத்துப் பார்த்தார். கழுத்தெலும்புத் தேய்மானம் (எலும்புகளுக்கு நடுவிலுள்ள மெத்தை வற்றிப்போவது) என்றார்.

"நரம்பு நசுங்குது. இனி அண்ணாந்து செய்யிற வேலை வேண்டாம்."

"வேற வேலை தெரியாதுங்களே."

"வேற கழுத்தும் கிடையாதுப்பா."

கீழக்கரை காசிம் காக்காவிடம் (அண்ணனை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) போகச் சொன்னவள் பாம்பனில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை பிலோமி. காக்கா பினாங்கில் ஒரு சீன வைத்தியரின் மருந்துக்கடையில் வேலை பார்த்து, அங்கேயே ஊசி வைத்தியம் (அக்குபங்சர்: மெல்லிய ஊசிகளை உடம்பில் குறித்த இடங்களில் செருகுவது) பழகியவர். உலக யுத்தம் முடிந்து ஊர் திரும்பியிருந்தார். முன்னால் ஜவுளிக்கடை, பின்னறையில் வைத்தியம்.

ஊசிகளைக் கொதிநீரில் போட்டு எடுத்தார். முதல் ஊசி என் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே இறங்கியது.

"நோவு கழுத்துல காக்கா."

"ஏம்ப்பா, உன் படகுல தண்ணி தெரியிற எடத்துலதான் ஓட்டை இருக்குமோ?"

ஊசி இறங்கிய இடத்தில் குத்தல் இல்லை. கனமான ஒரு வலி முழங்கைக்கு மெல்ல ஏறி அங்கேயே கரைந்தது. பிறகு தோளில், பிடரியில் ஊசிகள்.

"எலும்பு சரியாயிருமா?"

"தேஞ்சது தேஞ்சதுதான். டாக்டர் சொன்னது மெய். நோவ எறக்கலாம், இன்ஷா அல்லாஹ். அதுவரைக்கும் அண்ணாந்து பாக்காத. வானத்தக்கூட."

சில வாரங்களில் கழுத்து திரும்பியது. இரவில் உறக்கம் வந்தது. குணமாகிவிட்டது என்று நானே முடிவு செய்து, காக்காவிடம் சொல்லாமல் திருப்பாலைக்குடிக்குப் பஸ் ஏறி, பாதியில் விட்ட வத்தைக்கு அடியில் படுத்தேன். உச்சிப்பொழுதுக்குள் தோள்வரை மரத்துவிட்டது. சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. இந்தக் கை இனி உளி பிடிக்காதோ என்ற பயத்தோடு பாம்பனுக்குப் போனேன்.

நான் இடது கையால் சோறு பிசைவதைப் பிலோமி பார்த்தாள்.

"ஊசி பலிக்கலையாண்ணே?"

"பலிச்சுச்சு. அதான் வேலைக்குப் போனேன்."

அவளுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. "கலப்பத்து அடிச்ச அன்னைக்கே வத்தைய ஓட்டலாமா? கரையோரம் ஊறப் போடு, பலகை ஊதிப் பொருந்தட்டும்னு எங்க வீட்டாள அம்புட்டு ஏச்சு ஏசுற ஆளு நீ. உன் கழுத்துக்கு மட்டும் என்னண்ணே அவசரம்?"

சோற்றைத் தின்றுவிட்டுக் கீழக்கரைக்கே திரும்பினேன். காக்கா திட்டவில்லை. ஜவுளி மூட்டைகளுக்குப் பக்கத்தில் பாயைக் காட்டினார். வாடைக்காற்று அடங்கும்வரை அங்கேயே கிடந்தேன். வளர்ந்த பிறகு நான் ஒரே ஊரில் தங்கியது அந்தப் பருவம்தான்.

ஊசிகளோடு குப்புறப் படுத்திருக்கும்போது சன்னல் வெளிச்சம் தரையில் நகர்ந்துகொண்டே இருக்கும். கோடித்துணியின் வாசம். பாங்கொலி தண்ணீருக்கு மேலே எங்கோ கேட்பதுபோல இருக்கும். அரைத்தூக்கத்தில் நானே ஒரு வத்தையாகி ஆழமில்லாத நீரில் சாய்ந்து கிடக்கிறேன். உள்ளே நீர் கசிகிறது. யாரும் இறைக்கவில்லை. வந்த நீர் பலகைகளைத் தொட்டுத் தொட்டுப் பருக்க வைக்கிறது. கரையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பவனும் நான்தான். கண் விழித்தால் காக்கா ஊசிகளை எடுத்து முடித்திருப்பார்.

விரல்களுக்கு உணர்வு ஒவ்வொன்றாகத் திரும்பியது. சுண்டுவிரல் கடைசி.

கழுத்து நோவோடு இதைப் படிப்பவருக்கு ஒன்று சொல்வேன். கை மரத்தால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி எனக்கு நோவை இறக்கியது, எலும்பைப் புதிதாக்கவில்லை. இப்போது சாய்த்துப் போட்ட படகுகளில் உட்கார்ந்து செய்யும் வேலையை மட்டும் எடுக்கிறேன். சில சம்மாட்டிகள் (படகுச் சொந்தக்காரர்கள்) வேறு ஆளைத் தேடிக்கொண்டார்கள். பனிக்காலத்தில் நோவு வந்து எட்டிப் பார்க்கும். பாயை விரித்துப் படுத்துக்கொள்வேன்.

போன மாதம் பிலோமி வீட்டு வத்தைக்குக் கலப்பத்து முடித்து, கரையோரம் ஊறப் போட்டோம். சாயங்காலம் அவள் கணவன் வந்து நின்றான்.

"நாளைக்கு ஓட்டலாமா மச்சான்?"

"கெடக்கட்டும்."

அவன் போன பிறகும் முழங்கால் நீரில் நின்றிருந்தேன். தலையை மெல்ல நிமிர்த்தினேன். கழுத்து பாய்மரத்தின் உச்சிவரைதான் போயிற்று. அதற்கு மேலே இருந்த வானத்தை, வத்தைக்குள் கசிந்து நின்ற நீரில் பார்த்துக்கொண்டேன்.