சிங்காரிக்கு வந்த சிங்கப்பூர் போன்

தா.பழூரில் எனக்கு ஒரு மாவு மில் இருக்கிறது. மில் ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவர் காதுக்குள் கத்தினாலும் ஒன்றும் விளங்காது. அடுத்த வீட்டுப் பாப்பாத்தி பேசினால் மட்டும் விளங்கும். மிளகாய் அரைக்க வந்த வெளியூர்க்காரர்கள் எத்தனையோ பேர் திடுக்கிட்டு, "யாரைங்க திட்டுறாங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். "ஒங்கள இல்லீங்க, அவ வூட்டுக்காரன" என்று நான் சொன்ன பிறகுதான் தூக்குவாளியை நீட்டுவார்கள்.

அவளைக் கோபக்காரி என்று நினைத்துவிடக் கூடாது. சில பேர் வேலை செய்யும்போது எதையாவது முனகிக்கொண்டே இருப்பார்கள். பாப்பாத்திக்குத் திட்டு. வேலை முடிந்தால் திட்டும் முடிந்துவிடும். காலையில் சாணி அள்ளும்போது, கதவுக்குக் கொண்டி போடாமல் படுத்ததில் ஆரம்பிப்பாள். வயலுக்குத் தண்ணீர் திருப்ப மறந்தது, புதுச்சட்டையில் வாழைக்கறை ஆக்கியது என்று வரிசையாகப் போய், பெண் பார்க்க வந்த அன்றைக்கு மூன்றாம் தடவை கேசரி கேட்டு வாங்கித் தின்றதில் கொண்டுபோய் நிறுத்துவாள். புருஷன் செல்லப்பன் குறுக்கே பேச மாட்டான். நிறுத்துகிற இடத்தில் "ம்" என்பான். எனக்கே பல நாள் அவன் மேல் எரிச்சல் வந்திருக்கிறது. ஒரு மனிதன் இத்தனை பொறுமையாக இருந்தால் அடுத்த வீட்டுக்காரன் பெண்டாட்டி என்ன நினைப்பாள்?

இவர்கள் பிழைப்பு ஓடியது சிங்காரி என்கிற எருமையால். அது ஈன்ற கன்று சில நாளிலேயே செத்துப்போனது. அதற்கப்புறம் சிங்காரி பால் இறக்கவில்லை. தடவிக் கொடுத்தார்கள், பருத்திக்கொட்டை ஆட்டி வைத்தார்கள், உடையார்பாளையத்திலிருந்து ஒருவர் வந்து ஊசி போட்டுப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் ஒருநாள் பாப்பாத்தி வெறும் குண்டானோடு மடிக்குக் கீழே குந்தியபடியே, "இந்த மாட்டப் போயி புடிச்சாந்த மூஞ்சியப் பாரு" என்று செல்லப்பனைப் பிடித்துக்கொண்டாள். ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் பால் இறங்கிவிட்டது. அன்றிலிருந்து அதுவே வழக்கமானது. பாப்பாத்தி திட்டினால் பால், திட்டாவிட்டால் இல்லை. வேறு யாரையாவது திட்டினாலும் இல்லை; செல்லப்பனைத்தான் திட்ட வேண்டும். நான் நம்பவில்லை. சுவருக்கு மேலே எட்டிப் பார்த்த பிறகு நம்பினேன்.

இப்படி இருக்கும்போது, இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், சிங்கப்பூரிலிருந்து அவர்களுடைய ஒரே மகள் ஜெயசித்ரா அம்மாவைப் பிரசவத்துக்குக் கூப்பிட்டாள். கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்துத் தரித்த கரு. மாப்பிள்ளை வீரமணிக்குத் தாயார் இல்லை. அங்கே ஒத்தாசைக்கு ஆள் கிடையாது. டிக்கெட்டே வந்துவிட்டது. பாப்பாத்தி டிக்கெட்டையும் பார்த்தாள், எருமையையும் பார்த்தாள். பால் நின்றால் சொசைட்டிக்கு ஊற்ற எதுவும் இல்லை, அடுப்பும் எரியாது. எங்கள் மில் படியில் வந்து உட்கார்ந்து முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"எம்பொண்ணு வலியில கத்துறப்ப நான் இங்க எருமைக்கிட்ட கத்திக்கிட்டு இருக்கணுமாண்ணே?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. மில்லில் காத்திருந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். யோசனை சொல்வதற்கு அரைக்கூலி கிடையாது என்பதால் நிறையச் சொன்னார்கள். அமாவாசை என்பவர், தினமும் எருமையை எஸ்.டி.டி. பூத்துக்கு ஓட்டிக்கொண்டு போனால் என்ன என்றார். பூத்துக்காரர் கண்ணாடிக் கதவைக் காட்டிக் கும்பிட்டுவிட்டார். திட்டை டேப்பில் பிடிக்கலாம் என்று இன்னொருவர் சொல்ல, ஒரு கேசட் நிறையப் பிடித்தார்கள். முதல்நாள் பால் வந்தது. மறுநாள் பாதிதான் வந்தது. அதே திட்டை மூன்றாவது தடவை கேட்ட சிங்காரி விட்ட உதையில் நாடா முழுக்க வைக்கோலில் கிடந்தது. தினம் புதுசாகத் திட்டினால்தான் அதற்கு ஆகும் என்று தெரிந்தது. அதற்கு செல்போனை விட்டால் வேறு வழியில்லை.

பாப்பாத்தி, செல்லப்பன், நான் மூன்று பேருமாக ஜெயங்கொண்டம் போனோம். நான் எதற்குப் போனேன் என்று கேட்டால், எங்கள் வீட்டுக்கும் அந்தப் பால்தான். பஸ் ஸ்டாண்டு எதிரே மணிவண்ணன் செல்போன் கடை வைத்திருந்தான். துணி அலமாரி அளவுக் கடை.

"யாருங்க வெளிநாடு போறது?"

"நான்தான் தம்பி, சிங்கப்பூருக்கு, மக வூட்டுக்கு" என்றாள் பாப்பாத்தி.

"யாருகிட்ட பேசணும்?"

"பேச வேணாம். இந்தாளத் திட்டணும்."

மணிவண்ணன் செல்லப்பனைப் பார்த்தான். செல்லப்பன் "ம்" என்றான்.

"தெனமுமாக்கா?"

"காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ. எது மலிவோ அதச் சொல்லு."

நல்ல பையன், முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. "இங்க உள்ள சிம்மையே எடுத்துட்டுப் போயி ரோமிங் போட்டீங்கன்னா, நீங்க அடிச்சாலும் காசு, அண்ணன் அடிச்சு நீங்க எடுத்தாலும் ஒங்களுக்குக் காசு. அவரு சும்மா ‘ம்’முன்னு சொல்ற நேரத்துக்கும் காசு ஓடும்."

"இவரு அத மட்டும்தான் சொல்லுவாரு. அதுக்குமா?"

"அப்ப அது வேணாம். அண்ணன் இங்கேருந்து ஐ.எஸ்.டி. போட்டாலும் கட்டாது. அங்க போயி நம்மாளுங்க கடைத்தெரு தேக்காவுல போன் கார்டு வாங்கிக்குங்க. சொரண்டினா நம்பர் இருக்கும், மருமவன் போன்லேருந்து அதப் போட்டு அடிக்கணும். அண்ணனுக்கு இங்க எடுக்கறதுக்குக் காசே கெடையாது. ஆனா லைன் கெடச்ச ஒடனே ஒரு தொகையப் புடிச்சிடுவான். அதனால விட்டு விட்டுத் திட்டாதீங்க, ஒரே தடவையா திட்டி முடிச்சிடுங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "எல்லாத்தவிட மலிவு மிஸ்டு கால்தான். அடிச்சிட்டு வெச்சிட்டா அஞ்சு பைசா செலவில்ல" என்றான்.

"மிஸ்டு காலுக்கு எங்க எருமை பால் இறக்குமா தம்பி?"

"அது தெரியாதுக்கா. எருமைக்குன்னு எங்கிட்ட யாரும் இதுவரைக்கும் கேட்டு வந்ததில்ல."

குரல் வெளியே கேட்கிற பழைய போன் ஒன்றை வாங்கினோம். மணியடித்தால் நாதஸ்வரம் வாசிக்கும். ஊருக்கு வந்து பார்த்தால் தொழுவத்தில் டவர் எடுக்கவில்லை. போனைத் தூக்கிக்கொண்டு செல்லப்பன் வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தான். கடைசியில் எங்கள் சுவரோரம் இருந்த வைக்கோல் போருக்குப் பக்கத்தில்தான் கோடு தெரிந்தது. சிங்காரியை அங்கே மாற்றிக் கட்டி, ஒரு மூங்கிலை நட்டு, போனைப் பாலிதீன் பையில் போட்டுத் தொங்கவிட்டார்கள். பாப்பாத்தி என் மில் போனிலிருந்து ஒத்திகைக்கு ஒரு தடவை திட்டினாள். பால் வந்தது.

"ரெண்டு நாள் சேந்தாப்புல பால் நின்னுச்சின்னா மறைக்காமச் சொல்லிடணும். புள்ள பொறந்தாலும் பொறக்காட்டியும் நான் கெளம்பி வந்துடுவேன்" என்று செல்லப்பனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, ஆவணி கடைசியில் திருச்சியில் விமானம் ஏறினாள்.

மறுநாள் விடியற்காலையில் மூங்கிலில் நாதஸ்வரம் வாசித்தது. செல்லப்பன் பொத்தானை அமுக்கினான். "கொண்டி போட்டியா இல்லையா?" என்று சிங்கப்பூரிலிருந்து வந்த குரலுக்கு, இங்கே வேப்பமரத்துக் காக்கை எழுந்து பறந்தது. சிங்காரி காதை ஆட்டியது, பால் இறங்கியது. அங்கே அப்போது நன்றாக விடிந்து, ஆபீசுக்குக் கிளம்புகிற நேரமாம். அடுக்குமாடி முழுக்க எட்டிப் பார்த்ததாம். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி கதவைத் தட்டி, ஒரு கிண்ணம் சூப்பைக் கொடுத்து, பாப்பாத்தியின் முதுகைத் தடவிவிட்டுப் போனாள் என்று ஜெயசித்ரா பிறகு சொன்னாள்.

கார்டு சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதே என்று பாப்பாத்தி திட்டைச் சுருக்கப் பழகினாள். கேசரியெல்லாம் எடுபட்டுப்போனது. செல்லப்பனும் தன்னால் ஆன ஒத்தாசையைச் செய்தான். எடுத்த எடுப்பிலேயே, "குத்துவிளக்கக் காணும் புள்ள" என்பான். குத்துவிளக்கு அது பாட்டுக்கு அலமாரியில் இருக்கும். மறுநாள், "ஒன் பட்டுச் சேலைய எலி கடிச்சிடுச்சி" என்பான். அவள் நேரே உச்சத்துக்குப் போய்விடுவாள், காசு மிச்சம். ஒரு வார்த்தை நலம் விசாரித்துக்கொள்ள மாட்டார்கள். இது என்ன குடித்தனம் என்று எனக்குத் தோன்றும். பாலை வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விடுவேன்.

ஐப்பசியில் தீபாவளியெல்லாம் கழிந்து ஒருநாள் காலை. நான் சுவரோரம் சொம்போடு நின்றேன். மகளை முதல்நாளே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள் என்று தெரியும். நாதஸ்வரம் வாசித்தது, செல்லப்பன் எடுப்பதற்குள் நின்றுவிட்டது. அவன் குண்டானை வைத்துக்கொண்டு குந்தினான். திட்டும் இல்லை, ஒன்றும் இல்லை, பால் சர் சர்ரென்று இறங்கியது. நிறையக் கறந்து குண்டானைத் தள்ளி வைத்தான். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். மறுபடியும் போன் அடித்தது. இந்தத் தடவை எடுத்தான்.

"பேத்திய்யா" என்றாள் பாப்பாத்தி. அப்புறம் அழுகைதான். "ரத்தம் நெறயாப் போயிடுச்சி... நான் பயந்தே போயிட்டேன்யா... இப்ப ரெண்டு பேரும் நல்லாருக்காங்க..." சொல்லிச் சொல்லி அழுதாள். அவள் அழுது நான் கேட்டதே இல்லை. செல்லப்பன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு மூன்று "ம்" போட்டான். அழுகை நிற்கவில்லை. மூங்கிலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"ஏம்புள்ள, புள்ளைக்கு சிங்காரின்னே பேரு வெச்சிடுவமா?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு ஆரம்பித்தது பாருங்கள். எருமைப் பேரையா என் பேத்திக்கு, என்று தொடங்கி, செல்லப்பனின் அப்பனுக்குப் பேர் வைத்தவன் வரைக்கும் போனாள். விட்டுப்போன கேசரியும் திரும்ப வந்தது. அழுகை போன இடம் தெரியவில்லை. செல்லப்பன் வைக்கோலில் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணில் தண்ணீரோடு சிரித்துக்கொண்டே கேட்டான். கார்டு தீர்ந்து லைன் அறுந்துபோனது.

"ஏன்டா, பால் அப்பவே கறந்தாச்சேடா?" என்றேன்.

"ஒரு மாசமாவே இப்படித்தாண்ணே. மணி அடிச்சாலே இறக்கிடுது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப மிஸ்டு கால் போதுமே! மாப்பிள்ள காசு எவ்வளவு வீணாப் போவுது?"

"அண்ணே, அண்ணே, அவகிட்ட சொல்லிடாதீங்க. சொன்னீங்கன்னா நாளையிலேருந்து மிஸ்டு கால்தான் குடுப்பா" என்று சுவருக்கு மேலே என் கையைப் பிடித்துக்கொண்டான்.

அவள் அப்படிச் செய்யக்கூடியவள்தான். வாயை மூடிக்கொண்டேன். அவனை நினைத்து அன்றைக்கெல்லாம் எனக்கு வேலையே ஓடவில்லை. யாருடைய கம்பையோ கேழ்வரகோடு போட்டு அரைத்துவிட்டேன்.

கார்த்திகையில் பாப்பாத்தி திரும்பி வந்தாள். மறுநாள் காலையில் புதுச் சிங்கப்பூர் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு சிங்காரியிடம் குந்தினாள். கார்டுக்காகச் சுருக்கி வைத்திருந்ததையெல்லாம் விரித்துத் திட்டினாள். அருமையான திட்டு. சிங்காரி அசை போட்டது. ஒரு சொட்டு இறங்கவில்லை. பாப்பாத்தி திரும்பிச் செல்லப்பனைப் பார்த்தாள். செல்லப்பன் வைக்கோல் போரைப் பார்த்தான். அந்த நேரம் பார்த்து, அம்மா வந்து சேர்ந்தாளா என்று கேட்க ஜெயசித்ரா மிஸ்டு கால் கொடுத்தாள். நாதஸ்வரம் வாசித்து நின்றது. குண்டானில் பால் விழுந்தது.

பாப்பாத்தி கறந்து முடிக்கும் வரைக்கும் பேசவில்லை. பேசாமல் அவள் வேலை செய்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். குண்டானை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"எம்புட்டு நாளா?"

"தீவாளிக்கு முன்னாலேருந்து."

"அடப் பாவி மனுசா" என்றாள். குரல் உயரவே இல்லை. "சாப்பிட்டியா, ராத்திரியில யாரு சோறு போடுறா, கால்வலிக்குத் தைலம் தேய்க்கிறியான்னு கேக்க வாயத் தொறப்பேன்யா. கேட்டா பாலு நின்னு போயிடுமோன்னு முழுங்கிட்டு ஒன்னத் திட்டுவேன். ஒவ்வொரு நாளும் முழுங்கினேன்யா."

செல்லப்பன் அதற்கு "ம்" போடவில்லை. "இப்பக் கேளேன்" என்றான்.

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சாப்பிட்டியா?"

"இன்னும் இல்ல."

"விடிஞ்சு எம்மா நேரமாச்சி, இன்னும் சாப்பிடலையா? பானையில பழையது இருக்கில்ல? அத எடுத்து ஊத்திக் குடிக்கக்கூடவா ஒனக்குக் கையி வரல?"

எனக்கு மிளகாய் அரைக்க வேண்டியிருந்தது. போய் மில்லைப் போட்டேன். அப்போதும் கேட்டது.