எடில்மா தொடாத கால்

வலிக்காத வைத்தியத்தை யார் நம்புவார்கள்? மெதெயின் நகரத்தில் எடில்மாவின் இருபது வருஷப் பிழைப்பு இந்தக் கேள்வியோடுதான் ஓடியது.

கொழுப்பெடுக்கும் அறுவைச் சிகிச்சை முடிந்த பெண்களின் வீட்டுக்கே போய், உடம்பில் தேங்கிய நீர் வடிய மசாஜ் செய்வது அவள் தொழில். மற்றவர்கள் மாவு பிசைவதுபோல் அமுக்குவார்கள். பெண்களும் பல்லைக் கடித்துக்கொண்டு, வலித்தால்தான் வற்றும் என்று நம்புவார்கள். எடில்மாவின் விரல்கள் தோலை மெல்ல நகர்த்தும், அவ்வளவுதான். "இது என்ன, பூனையத் தடவற மாதிரி?" என்று சிரித்தவர்கள், வீக்கம் வற்றியதும் திரும்பக் கூப்பிட்டார்கள். கூடவே போகும் தங்கை நூபியா இதையெல்லாம் பார்த்தாளே தவிர, ஒரு நாளும் அக்காவைப் புகழ்ந்ததில்லை.

ஓட்டல் சமையல்காரி யோர்லாதிஸுக்கு அறுவைச் சிகிச்சை நடந்து ஒன்பதாம் நாள். மூன்று நாளில் மகளின் பதினைந்தாவது பிறந்தநாள் விருந்து; அந்த ஊரில் அதைக் கல்யாணம்போல் கொண்டாடுவார்கள். வீக்கம் அடங்க அறுவைக்குப் பின் போடும் இறுக்கு உடையின் கொக்கிகளைக் கழற்றிப் படுத்தாள். எடில்மாவின் கை இடது கெண்டைக்காலில் நின்றது. அந்தக் கால் மட்டும் பருத்து, சுட்டது.

"எப்பலேர்ந்து இப்படி?"

"நேத்துலேர்ந்து. நீர் எறங்கியிருக்கு, நல்லா அமுக்கி விடு. விருந்துல நான் ஆட வேணாமா?"

"இந்தக் கால நான் தொட மாட்டேன். வேற யாரும் தொடவும் விடாத. ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு."

"விருந்து மட்டும் கெட்டுப் போச்சு, உன் பேர தெருவெல்லாம் நாறடிப்பேன்!"

யோர்லாதிஸுக்கு அறுவைச் சிகிச்சை செய்த டாக்டரை நூபியா ஃபோனில் பிடித்து அக்காவிடம் நீட்டினாள். எடில்மாவைக் கூப்பிடும் பெண்களில் பாதிப் பேர் அவர் அனுப்புகிறவர்கள்.

"வீக்கம் சகஜம்தாம்மா. மசாஜ பண்ணி முடிங்க."

"நீங்க பாக்கல டாக்டர். நான் தொட்டுப் பாத்தேன்," என்றாள் எடில்மா.

"அவரையே பகைச்சுக்கிட்டா நாளைக்கு நம்மள யாரு கூப்பிடுவாங்க, அக்கா?" என்று நூபியா முணுமுணுத்தாள். எடில்மா அதற்குள் டாக்சியை நிறுத்தியிருந்தாள்.

காலில் ரத்தம் உறைந்திருந்தது. அமுக்கியிருந்தால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்திருக்கலாம், உயிரே போயிருக்கும் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். யோர்லாதிஸ் எடில்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இதக் கண்டுபிடிச்சது யாரு?" என்று ஆஸ்பத்திரி டாக்டர் கேட்டார்.

எடில்மா வாய் திறக்குமுன் நூபியா சொன்னாள்: "எங்கக்கா."

அடுத்த வாரம் அறுவைச் சிகிச்சை டாக்டரே ஃபோன் செய்தார். அன்று சொன்னது தப்பு என்றார். தன் கிளினிக்கிலேயே ஓர் அறை, கதவில் அவள் பெயர், மாதச் சம்பளம் என்றார். எடில்மா நன்றி சொன்னாள், வேண்டாம் என்றாள். அவர் அனுப்பும் பெண்களின் வீடுகளுக்கு மட்டும் முன்போலவே போய்வந்தாள்.

ஏன் என்று நூபியா பலமுறை கேட்டாள். எடில்மா கடைசிவரை சொல்லவில்லை. அவரிடம் சம்பளம் வாங்குகிறவளாக இருந்தால், அன்று அவர் பேச்சை மீறி டாக்சியை நிறுத்தியிருக்க முடியுமா?